ஏழு சென்ட் தளை

சுதீர் பிறந்தது நகரியில், தறிச் சத்தத்துக்கு நடுவில். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளையை உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் எழுப்பாது. பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், சொந்தக் கல்யாணப் பந்தல் என்று எல்லா இடத்திலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்கிற வரம் அவனுக்கு வாய்த்திருந்தது. வரம் என்றுதான் சொல்லவேண்டும். அவன் நைனா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அவர் இரண்டு பவர்லூம் ஓட்டியவர். மகனைத் தறியண்டை உட்காரவைத்தால் இழை அறுந்து அரை முழம் ஓடினாலும் அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். "இவன இட்டுக்கினு போயி வெய்யில்ல நிக்க வச்சாத்தான் உருப்புடுவான்" என்பார். கடைசியில் அரசாங்கமே அந்த வேலையைச் செய்தது. முப்பத்திரண்டு வயதில் சுதீர் கிராம சர்வேயர், வேலை முழுக்க வெய்யிலில்.

வெய்யிலும் அவனைத் திருத்தவில்லை. வரப்பின் மேல் நின்று கருவியை ஊன்றிவிட்டு, அது செயற்கைக்கோளைத் தேடுகிற அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அவன் எங்கெங்கோ போய் வந்துவிடுவான். விவசாயிகள் "சார், சார்" என்று இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவான். ஆபீசில் இதற்காக ஏற்கனவே இரண்டு மெமோ.

வீட்டில் தமிழ், படித்தது எல்லாம் தெலுங்கு. எல்லையோர ஊர்ப் பிள்ளைகளின் கதை அப்படித்தான். தமிழ் எழுத்தை அவன் சினிமா போஸ்டரிலும் திருத்தணி பஸ்ஸின் போர்டிலும் கூட்டிக் கூட்டிப் படித்தவன். அதனால் தமிழில் பேசத் தெரியும், திட்டத் தெரியும், கொஞ்சத் தெரியும். இலக்கணம் என்று ஒன்று இருப்பது மட்டும் தெரியாது.

அவனுக்கு ஒதுக்கிய ஊர்களில் ஒன்று, நாகலாபுரத்திலிருந்து நாராயணவனம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்னக் கிராமம். தமிழ்க் குடும்பங்கள் அதை ஐவர்பட்டு என்பார்கள். பாண்டவர் ஐந்து பேரும் வனவாசத்தில் வந்து தங்கினார்களாம். பாண்டவர்கள் தங்காத ஊர் நம் பக்கத்தில் ஏது? அரசாங்கக் காகிதத்தில் மட்டும் ஊர்ப் பெயர் அய்யவாரிபள்ளெ. தெலுங்கில் அய்யவாரு என்றால் வாத்தியார், பள்ளெ என்றால் ஊர். வாத்தியார் ஊர் எப்படிப் பாண்டவர் ஊர் ஆனது, அல்லது பாண்டவர் ஊர் எப்படி வாத்தியாருக்குப் போனது என்று யாரும் கேட்டதில்லை. சுதீரும் கேட்கவில்லை.

அந்த ஊர் ஏரியின் மடைக்குக் கீழே வரிசையாக ஆறு கயனிகள். கழனியை அங்கே கயனி என்பார்கள். ஆறுக்கும் ஆறு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம். மடையை ஒட்டி இருப்பது எழுத்து. தலையெழுத்து நன்றாக இருப்பவனுக்குத்தான் மடைக்குப் பக்கத்தில் நிலம் கிடைக்குமாம். அடுத்தது அசை, உழுதுவிட்டு மாடுகளை அங்கேதான் கட்டி அசைபோட விடுவார்களாம். மூன்றாவது சீர், இப்போது அதை உழுகிற கங்கையாவின் கொள்ளுப்பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்ததாம். நாலாவது தளை, ஊர் மேய்கிற திருட்டுக் காளை ஒன்றுக்குக் காலில் தளை போட்டு அங்கே நிறுத்தினார்களாம். ஐந்தாவது அடி, அங்கே நடந்த அடிதடி கோர்ட்டு வரை போனதாம். ஆறாவது தொடை, மேலேயிருந்து பார்த்தால் தொடை மாதிரி இருக்குமாம். மேலேயிருந்து எவன் பார்த்தான் என்று கேட்கக்கூடாது. பிற்பாடு ட்ரோன் போய்ப் பார்த்தது. தொடை மாதிரியும் இல்லை, முழங்கால் மாதிரியும் இல்லை.

அரசாங்கம் எல்லா நிலத்தையும் புதிதாக அளக்கிற மறு அளவை வந்தபோது ட்ரோன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்துக்காரர்களோடு வரப்பு வரப்பாக நடந்து சரிபார்க்கிற வேலை சுதீருடையது. ஒரு மத்தியானம் சீருக்கும் அடிக்கும் நடுவில் வந்து நின்றான். பன்னிரண்டடி அகலம், இருநூற்றைம்பது அடி நீளம். ஓரத்தில் சின்னக் கால்வாய், மற்ற இடமெல்லாம் புல்லும் செடியுமாகப் பச்சை. வெய்யிலில் அந்தப் பச்சை அலையடிப்பது போலத் தெரிந்தது. அவன் மனசு அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"இது இன்னாது?" என்று கேட்டான்.

பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சீருக்குச் சொந்தக்காரன் கங்கையா. அடிக்குச் சொந்தக்காரன் அவன் பங்காளி அப்பாவு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுவா, தளை சார்" என்றான் கங்கையா. யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. அப்பாவு தலையை ஆட்டினான்.

இங்கேதான் நம் ஆள் கோட்டை விட்டான். தளை என்றால் காளையின் காலில் போடுவது, அதாவது கட்டு. கட்டு என்று மனசில் விழுந்ததும், எழுதப்போவது தெலுங்கானதால் கை தெலுங்குக்குத் தாவியது. தெலுங்கில் கட்டு என்கிற அதே சொல்லை முதல் எழுத்து அழுத்திச் சொன்னால் வரப்பு, கரை. அழுத்தாமல் சொன்னால்தான் கட்டு. கை அழுத்தி எழுதிவிட்டது. தளை கட்டாகி, கட்டு கரையாகி, கால்வாய்க் கரை சர்க்கார் புறம்போக்காகி, கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நம்பரும் கொடுத்துவிட்டது. சொந்தக்காரர் என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு இந்தத் தப்பு வராது, தெலுங்கு மட்டும் தெரிந்தவனுக்கும் வராது.

மூன்று வாரம் கழித்துத் தனபாக்கியம் வந்தாள்.

சச்சிவாலயம் என்று சொல்கிற ஊர் ஆபீசின் வாசலில், மடியில் கனகாம்பரம் வைத்துக் கட்டிக்கொண்டே காத்திருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். கங்கையாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான், அவன் பெண்டாட்டி. அவன் செத்து இருபத்திரண்டு வருஷம். பிள்ளை இல்லை. அப்போது கூடிய பஞ்சாயத்தில் பாகம் பிரித்தபோது, இவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், ஏர் திருப்பக்கூட அகலம் போதாத அந்த நடுத்துண்டைக் காட்டி, "இத வச்சுக்கோ" என்றார்கள். வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. சொன்ன பெரியவர்கள் இப்போது இல்லை. அடங்கல் என்கிற பழைய நிலக் கணக்கில் ஆறு கயனியும் ஒரே நம்பரில் செத்துப்போன மாமனார் பெயரில் கிடந்ததால் யாருக்கும் குறையும் தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டடியில் அவள் கனகாம்பரம் போட்டாள். பறித்து, கட்டி, பஸ் ஏறி நாராயணவனத்துக் கடைகளுக்குக் கொண்டுபோனாள். சர்வேயர் அளக்க வந்த நேரம் திருத்தணியில் அண்ணிக்கு ஆப்பரேஷன் என்று இருபது நாள் போயிருந்தாள்.

"எங் கயனி சர்க்காரோடதுன்னு சொல்றாங்க. நெஜமா சார்?"

சுதீர் படத்தைப் பார்த்தான், நம்பரைப் பார்த்தான். தன் கை எழுதிய கரைதான் அங்கே இருந்தது.

"பாக்கலாங்க்கா" என்றான்.

"சர்க்காருது ஆனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும் சார். சர்க்காரா வந்து உழப்போவுது? இந்தாண்ட கங்கையா ஒரு சாலு உள்ள ஓட்டுவான், அந்தாண்ட அப்பாவு ஒரு சாலு ஓட்டுவான். ரெண்டு வருசத்துல நடுவுல ஒண்ணும் இருக்காது."

"நீங்க எங்க போவீங்க?"

"திருத்தணில அண்ணன் ஊடு கீது. ரெண்டு வேள சோறு கெடைக்கும். ஆனா அங்க தட்டுல போடறதத்தான் துன்னணும். இங்க நானே பறிச்சி நானே கட்டி நானே துன்றேன்." பேசிக்கொண்டே நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "எம் பேர்ல இந்த ஒலகத்துல இருக்கறது அது ஒண்ணுதான் சார். பேர்லகூட இல்ல, வாயில."

இன்னும் பத்து நாளில் கிராம சபை. அதில் ஆட்சேபணை வராத நிலமெல்லாம் முடிந்த முடிவு. திருத்த வேண்டுமானால் தப்பு என்னுடையது என்று சுதீர் எழுதிக் கொடுக்கவேண்டும். அது மூன்றாவது மெமோ. எழுதினாலும், நடுவில் இருந்தது கரை இல்லை, கயனிதான் என்று எப்படிக் காட்டுவது? கங்கையாவும் அப்பாவுவும் வாயைத் திறக்கப்போவதில்லை. அன்று அவன் முதல் தடவையாகக் கனவு எதுவும் இல்லாமல் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீடு நாகலாபுரத்தில். பெண்டாட்டி அக்ஷயா ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். பொதட்டூர்ப்பேட்டைப் பெண், அத்தை மகள், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவன் பேச்சைக் கேட்டு, "மாமா, நீ தமிழ் பேசறப்ப தெலுங்கு ஒரு கண்ணுல எட்டிப் பாக்குது" என்று சீண்டுவாள்.

மறுநாள் சாயந்திரம் அவள் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் லேப்டாப்பில் கடைசிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கயனிப் பெயர்கள் தெலுங்கு எழுத்தில் இருந்தாலும் சொல் தமிழ்தானே, வாய்விட்டே படித்தான்.

"எழுத்து... அசை... சீர்... அடி... தொடை."

"தளைய எங்க வுட்ட?" என்றாள் அக்ஷயா, மொச்சையிலிருந்து தலையைத் தூக்காமல்.

சுதீருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் அந்த ஊருக்கு ஒருநாளும் போனதில்லை. தனபாக்கியம் விஷயத்தை வெட்கத்தில் அவளிடம் அவன் சொல்லவும் இல்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எது?"

"தளை. சீருக்கு அப்பால தளைன்னு."

"எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. யாப்போட உறுப்பு ஆறு. பத்தாவதுல ரெண்டு மார்க்கு கேள்வி மாமா. ஒண்ண வுட்டா எங்க டீச்சரு அர மார்க்கு புடுங்கிக்கும்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ எதுக்கு யாப்பு படிச்சிக்கினு இருக்க?"

"இது யாப்பு இல்ல, கயனி."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். யாப்பு என்றால் பாட்டுக் கட்டுகிற சாத்திரம் என்றாள். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர்கள் சேர்ந்து அடி, அடிகளை அழகாகத் தொடுத்தால் தொடை. தலையெழுத்தும் இல்லை, கல்யாணச் சீரும் இல்லை, அடிதடியும் இல்லை.

"தளைன்னா?"

அக்ஷயா கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கத்தைத் தேடினாள். "நின்ற சீரோட கடைசி அசையும் வர்ற சீரோட மொத அசையும் ஒட்ற எடம். அதுக்குன்னு தனியா எழுத்து கெடையாது. பார்த்தா ரெண்டு சீருக்கு நடுவுல சும்மா ஒரு சந்துதான். ஆனா அதையும் ஒரு உறுப்புன்னுதான் எண்ணணும். அது சரியா இல்லன்னா பாட்டு நொண்டும். தளை தட்டுதுன்னு சொல்வாங்க."

சுதீர் சீருக்கும் அடிக்கும் நடுவில் நின்ற அந்தப் பச்சையை நினைத்தான். பார்த்தால் சந்து, எண்ணினால் உறுப்பு. அதைத்தானே அவன் எண்ணாமல் விட்டுவிட்டு வந்தான்.

"இந்த ஊருக்குத் தெலுங்குல வாத்தியார் ஊருன்னு பேரு" என்றான் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் போனார்கள். ஏரிக்கரையில் ஒரு இடிந்த மண்டபம், நாலு தூண். ஒரு தூணின் அடியில் எழுத்துச் செதுக்கிய கல். ஊர்ப் பெண்கள் அதில்தான் அரிவாள் தீட்டுவார்கள், அதனால் நடுப்பக்கமெல்லாம் வழவழவென்று குழிந்திருந்தது. அக்ஷயா குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஓதுன்னு இருக்கா மாதிரி கீது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லன்னா ஓடுவாக்கூட இருக்கும்" என்றாள். பிறகு கையைத் தட்டிவிட்டு, கால்வாயோரம் ஒவ்வொரு கயனியாகப் பார்த்துக்கொண்டு நடந்துபோனாள். அவள் புடவையின் மஞ்சள் சின்னதாகிக்கொண்டே போனது.

சுதீர் தூணில் சாய்ந்தான். மடையில் தண்ணீர் மெல்லப் போகிற சத்தம் இருந்தது. அப்புறம் அவனைக் கேட்பானேன்.

எழுநூறு வருஷமோ எண்ணூறு வருஷமோ பின்னால் போய்விட்டான். மண்டபத்துக்குக் கூரை இருந்தது. கறுத்து ஒடிசலாக ஒரு வாத்தியார் கரையிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் எட்டுப் பத்து மாணவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஓதுவிக்கிற கூலிக்காக எவனோ ஒரு சிற்றரசன் ஆறு துண்டு நிலம் விட்டிருந்தான். வாத்தியாருக்கு உழத் தெரியாது. அதனால் தனக்குத் தெரிந்ததை அதில் பயிர் வைத்தார். மடையண்டை நின்று, "இது எழுத்து. குறிலுக்கு ஒரு எட்டு, நெடிலுக்கு இரண்டு எட்டு" என்று நடந்து காட்டினார். மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்றார். மாணவர்கள் வரப்பின் மேல் நொடித்துக்கொண்டே நடந்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் எதற்கு? தண்ணீர் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் பாட்டும் போகும், காலுக்குத் தெரிந்ததை வாய் மறக்காது என்பது அவர் கணக்கு.

அணி இலக்கணம் நடக்கிற நாளில் தொடைக் கயனியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு மாணவன் நெற்கதிருக்கு ஏழு உவமை சொன்னான். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போது கதிர் எங்கே? காணவில்லையே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். வடக்கேயிருந்து வந்த வண்டிக்காரன் ஒருவன் கால்வாயில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு தெலுங்கில் ஏதோ கேட்க, அவர் தெலுங்கிலேயே வழி சொன்னார். அவன் சொன்ன சொல்லில் ஒன்றைத் தமிழில் எங்கே வைக்கலாம் என்று நாக்கில் உருட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

சுதீர் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றான். "ஐயா, நான் வந்துக்கினு போய்க்கினு பேசறவன், வகுப்புல உக்காரலாமா?" என்று கேட்டான். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேரே அந்தப் பன்னிரண்டடிக்கு வந்து நின்றார். "இது என்ன?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அவர் ஒரு காலைச் சீரிலும் ஒரு காலை அடியிலும் வைக்கப் பார்த்தார், எட்டவில்லை. நடுவில் ஒரு எட்டு வைத்துத்தான் அந்தப் பக்கம் போக முடிந்தது. போய் நின்று, அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, சலிப்புக்கூட இல்லை. ஆயிரம் பேருக்கு இதையே சொன்ன ஆளின் பொறுமைதான் இருந்தது.

"மாமா" என்று அக்ஷயா தோளைத் தொட்டாள். "அந்தப் பூச்செடிக்கு நடுவுல நிக்கிறது தனபாக்கியம்தான? உன்னப் பாத்துட்டு உள்ள போய்ட்டாங்க."

திங்கட்கிழமை சுதீர் மண்டல ஆபீசுக்குப் போனான். மேலதிகாரி வசந்தா மேடம் தெலுங்குக்காரர், கண்டிப்பானவர், முந்தைய இரண்டு மெமோவும் அவர் கையெழுத்துதான். இவன் கட்டையும் கரையையும் யாப்பையும் சேர்த்துக் குழப்பிச் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "ஆறு இல்லன்னா அது பாட்டே இல்ல மேடம். அதனால ஆறு கயனிதான் இருந்திருக்கணும்" என்று முடித்தான்.

"பத்யம் சாட்சி செப்பதய்யா" என்றார் அவர். பாட்டு சாட்சி சொல்லாதப்பா. ஆனாலும் அவர் விரல்கள் மேஜை மேல் ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தன. அவரும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குச் செய்யுளுக்கு, நாம் சீர் பிரிப்பது போல, கணம் பிரித்தவர்தானே. "எல்லைக்காரர் இரண்டு பேரும் சபையில் வாயால் சொல்லட்டும், நான் மாற்றுகிறேன். அதற்கு முன்னால் தப்பு உன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடு."

சுதீர் எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலை கிராம சபை. சச்சிவாலயத்து வாசலில் பந்தல் போட்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனபாக்கியம் பின்வரிசையில் ஓரமாக, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரை என்ன கேட்கவேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த முகம் அது. வசந்தா மேடம் நம்பரைப் படித்தார்.

"இது யாருடைய அனுபவத்தில் இருக்கிறது?"

கங்கையா எழுந்தான். "எனக்குத் தெரியாது மேடம். நடுவுல கெடக்குது."

அப்பாவு உட்கார்ந்தபடியே, "சர்க்காருதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிச்சே. நாம இன்னாத்த சொல்றது" என்றான்.

மேடம் சுதீரைப் பார்த்தார். சபையே பார்த்தது. யார் நிலம் என்று கேட்டால் இவர்கள் சொல்லமாட்டார்கள். வேறு எப்படிக் கேட்பது? அந்த வாத்தியாரின் பொறுமையான முகம் ஒரு நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"யாருதுன்னு சொல்ல வாணாம்" என்றான். "மடையத் தொறந்தா தண்ணி எப்பிடிப் போவும்? அத மட்டும் சொல்லு கங்கையாண்ணா."

இது ஒரு கேள்வியா என்று கங்கையா சிரித்தான். பொறந்ததிலிருந்து சொல்கிற வரிசை. "எழுத்து, அசை, சீர்..." என்று சரளமாக ஆரம்பித்தவன் சட்டென்று நின்றான். எங்கே போகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டு, "அடி" என்றான். சொன்னது அவன் காதுக்கே நாராசமாக இருந்தது போல. "எழுத்து, அசை, சீர், அ... சீர், அடி..." நாக்கு புரளவில்லை. பந்தலில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பரவியது.

"இன்னாடா, பேரு சொல்லத் தெரில உனக்கு" என்று அப்பாவுவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. எழுந்து நின்று ஒரே மூச்சில், "எழுத்து அசை சீர் தளை அடி தொடை" என்றான். சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடினான்.

அப்புறம் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அதையே சொல்லிப் பார்த்தாள், இன்னொருத்தியும் சொன்னாள். அந்த ஊரில் நாற்று நட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒருவருக்கும் நடுவில் ஒன்றை விட்டுச் சொல்ல வரவில்லை. எவ்வளவு பெரிய மனுஷன் வந்து கேட்டாலும் விட்டுச் சொல்ல முடியாதபடி அந்த வாத்தியார் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். வசந்தா மேடத்துக்குத் தமிழ் புரிந்த அளவு போதுமாக இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. "ஆறு இருக்கிறது, சரி. நாலாவது யாருடையது? வாயால் சொல்லவேண்டும்" என்றார்.

கங்கையா இன்னும் நின்றுகொண்டிருந்தான். சிரிப்பில் சிவந்த முகம் அடங்கி, வேறு மாதிரி ஆகியிருந்தது. இத்தனை நேரம் அவன் பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது திரும்பினான்.

"எங்க அண்ணிது மேடம்" என்றான். "எழுதிக்கோங்க."

பாகம் பிரித்த நாளிலிருந்து அவன் அவளை அப்படிச் சொன்னதில்லை. ஊரில் யாராவது கேட்டால் 'அது' என்பான், இல்லாவிட்டால் 'அந்தம்மா' என்பான். எதிரே வந்தால் கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கம் நடப்பான். பாகத்தில் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டோம் என்கிற வெட்கம் இருபத்திரண்டு வருஷமாகக் கோபம் போல வேஷம் போட்டுக்கொண்டு திரிந்தது என்றால், அது கங்கையாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சுதீர் படிவத்தை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனான். நிலத்தின் பெயர் என்ற இடத்தில் தளை என்று, மொழிபெயர்க்காமல், அப்படியே தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தான். சொந்தக்காரர் தனபாக்கியம். அவளிடம் பேனாவை நீட்டி, எங்கே போடவேண்டும் என்று காட்டினான்.

"இங்க போடுங்கக்கா."

தனபாக்கியம் பேனாவை வாங்கிக்கொண்டாள், ஆனால் காகிதத்தைப் பார்க்கவில்லை. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"இரு சார், போடறேன்" என்றாள். "அவன் இப்ப இன்னா சொன்னான்? இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

சுதீர் திரும்பிப் பார்த்தான். கங்கையா தலையைக் குனிந்துகொண்டு, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, இன்னொரு வாட்டி சொன்னான்.